சோலர் வந்தது, ரேடியோ இரைகிறது: யாழ்ப்பாண வீடுகளில் மின் இரைச்சல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரையில் சோலர் பூட்டுவதும் இன்வேர்ட்டர், யுபிஎஸ் திருத்துவதும் என் வேலை. கோண்டாவிலில் இருந்து செய்கிறேன். முன்பெல்லாம் "அண்ணை, கரண்ட் வரேல்லை" என்று அழைப்பார்கள். இப்போது கரண்ட் வருகிறது, கூடவே வேறு ஏதோவும் வருகிறது என்கிறார்கள். ரேடியோ இரைகிறது, ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழுகிறது, லேப்டாப்பைத் தொட்டால் சுள்ளென்கிறது, மீற்றர் கூட ஓடுதோ என்று சந்தேகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

சோலர் பூட்டிய பிறகு பகலில் ரேடியோ "கர்ர்" என்று இரைகிறது. சோலரில் பழுதா?

பழுதாக இருக்கத் தேவையில்லை. நன்றாக வேலை செய்கிற இன்வேர்ட்டரும் இரையும். காலையில் வெயில் ஏறும்போது தொடங்கி, மாலையில் வெயில் சாயும்போது அடங்குகிறதா, மேகம் மறைக்கும்போது சத்தம் மாறுகிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். ஆம் என்றால் இன்வேர்ட்டரோ அதன் கேபிளோதான். இரவிலும் அதே இரைச்சல் இருந்தால் சோலர் மேல் பழி போடாதீர்கள்.

இன்வேர்ட்டர் அப்படி என்னதான் செய்கிறது?

தகடு தருவது நேர்மின். வீட்டு லைனில் ஓடுவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மாறுமின். ஒன்றை மற்றதாக்க இன்வேர்ட்டர் நேர்மின்னைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. வீட்டுக்குப் போடும் சிறிய இன்வேர்ட்டரில் நொடிக்குப் பதினாறாயிரம், இருபதாயிரம் தடவை ஒரு மின்னணுச் சுவிட்ச் திறந்து மூடும். துண்டுகளின் அகலத்தைக் கூட்டிக் குறைத்தால், சராசரி எடுக்கும்போது அழகான 50 ஹேர்ட்ஸ் அலை வந்துவிடும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்குவது போலத்தான். நறுக்கியது கறிக்குப் போகிறது. பலகையில் கத்தி விழும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது.

சுன்னாகத்தில் டீசல் ஜெனரேட்டர் சுற்றி ஊருக்குக் கரண்ட் தந்த காலத்தில் அலையை உண்டாக்கியது காந்தமும் செப்புச் சுருளும். அவை சுற்றுகின்றன, வெட்டுவதில்லை. இப்போது கூரை இன்வேர்ட்டர் மட்டுமா வெட்டுகிறது? ஃபோன் சார்ஜர், எல்இடி பல்ப், இண்டக்ஷன் அடுப்பு, இன்வேர்ட்டர் ஃபிரிட்ஜ், ஏசி, மின்சார ஸ்கூட்டரின் சார்ஜர், எல்லாமே வெட்டுகின்றன. ஒரு வீட்டில் இருபது முப்பது கத்தி விழுந்துகொண்டிருக்கிறது.

வெட்டுவது சில பத்துக் கிலோஹேர்ட்ஸில். ரேடியோ கேட்பதோ ஆயிரத்தை ஒட்டி. இது அதை எப்படி எட்டும்?

நல்ல கேள்வி. வெட்டு என்பது வழவழப்பான அலை அல்ல, செங்குத்தாக ஏறி இறங்கும் படி. அப்படிப்பட்ட படியில் அடிப்படை வேகத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, பத்து மடங்கு, நூறு மடங்கு அலைகள் எல்லாம் ஒளிந்திருக்கும். இவற்றைத்தான் ஹார்மோனிக் என்கிறோம்.

ஒரு கணக்குப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மத்திய அலையில் தூத்துக்குடி வானொலி 1053 கிலோஹேர்ட்ஸில் கேட்கும். உங்கள் சார்ஜர் 81 கிலோஹேர்ட்ஸில் வெட்டினால், 13ஆவது மடங்கு அப்பழுக்கில்லாமல் 1053இல் போய் உட்காரும். சார்ஜரின் வேகம் சுமையைப் பொறுத்து நகர்வதும் உண்டு. ஃபோன் நிரம்ப நிரம்ப அது 72க்கு இறங்கினால் அதே 13ஆவது மடங்கு 936இல். அது திருச்சி. தூத்துக்குடியைக் கெடுத்தது போதாதென்று திருச்சிக்கும் போய்விட்டது.

எவ்வளவு உயரம் வரை போகும் என்பதை முடிவு செய்வது எத்தனை தடவை வெட்டுகிறது என்பது அல்ல, ஒவ்வொரு வெட்டும் எவ்வளவு சடாரென்று நடக்கிறது என்பது. படி ஏற 50 நானோசெக்கன் எடுத்தால், ஏறத்தாழ 6.4 மெகாஹேர்ட்ஸ் வரை இரைச்சல் தாராளமாக இருக்கும், அதற்கு மேல்தான் வேகமாகத் தேயும். புதிதாக வரும் சிலிக்கன் கார்பைட், காலியம் நைட்ரைட் சுவிட்சுகள் இதைவிடச் சடாரென்று வெட்டும். வெப்பமாக வீணாவது குறைகிறது, வினைத்திறன் கூடுகிறது. பெட்டி சின்னதாகிறது. இரைச்சல் இன்னும் மேலே ஏறுகிறது.

இந்த இடத்தில் எனக்கு 1990கள் ஞாபகம் வரும். கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட ஊர் இது. டைனமோவின் உறுமலைக் கழித்துவிட்டால் வானொலி கண்ணாடி போலக் கேட்டது. ஊரில் வெட்டுகிற பொருள் ஒன்றுமே இல்லையே.

இரைச்சல் வயர் வழியாக வருகிறதா, காற்றில் வருகிறதா?

இரண்டும்தான், ஆனால் பெரும்பாலும் வயரில் புறப்பட்டுக் காற்றில் முடிகிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: சத்தம் போடும் பெட்டியைத் தேடுவதைவிட, அது வெளியேறும் வயரைத் தேடுங்கள். தீப்பெட்டி அளவுள்ள சார்ஜர் தன்னளவில் நல்ல அன்ரனா அல்ல. அதிலிருந்து சுவருக்குள் ஓடும் இருபது மீற்றர் வயர் நல்ல அன்ரனா. கூரையிலிருந்து இறங்கும் சோலர் கேபிளும் அப்படியே.

வயரில் இரைச்சல் ஓடும் விதம் இரண்டு. ஒன்று, லைனில் போய் நியூட்ரலில் திரும்புவது. இரண்டு வயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும், வெளியே அதிகம் தெரியாது. மற்றது, இரண்டு வயரிலும் ஒரே திசையில் போய், நிலம் வழியாகவும் சுவர் வழியாகவும் எங்கெங்கோ சுற்றித் திரும்புவது. இதைப் பொதுப்பாங்கு மின்னோட்டம் என்பார்கள். அளவில் மிகச் சிறியது. ஆனால் அழித்துக்கொள்ள எதிர் வயர் இல்லாததால் ரேடியோவைக் கெடுப்பது பெரும்பாலும் இவர்தான். கூரையில் நேர், மறை கேபிள்களை வெவ்வேறு பக்கமாக இழுத்து இறக்கியிருப்பதைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். இரண்டையும் ஒன்றாகக் கட்டி இறக்குங்கள். செலவு ஒரு பக்கற் கேபிள் ரை.

எது குற்றவாளி என்று நானே கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். பற்றரியில் ஓடும் சிறிய மத்திய அலை ரேடியோ போதும். நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, ஒலியைக் கூட்டி, வீட்டைச் சுற்றி நடவுங்கள்.

கொக்குவிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவருக்கும் வேலிக்கு அங்கால் வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய் மூன்று மாதம். அவர்கள் சோலர் பூட்டியதிலிருந்து தன் ரேடியோ கெட்டது என்பது வாத்தியாரின் வழக்கு. போய் ரேடியோவைத் திறந்தேன், உண்மைதான், தேனீக்கூடு மாதிரி இரைச்சல். "ஐயா, உங்கள் மெயின் சுவிட்சை ஒருக்கா நிற்பாட்டுங்கோ" என்றேன். நிற்பாட்டினார். இரைச்சல் அசையவில்லை. "பார்த்தீரோ? என்ர வீட்டில கரண்டே இல்லை. அங்கால இருந்துதான் வருது" என்று வென்றவர் போலச் சிரித்தார்.

நானும் ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். பிறகு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வேலிப் பக்கம் போனால் சத்தம் குறைகிறது. திரும்ப ஹோலுக்குள் வந்தால் கூடுகிறது. ஷோகேஸ் பக்கம் கொண்டுபோனேன், ரேடியோ அலறியது. கண்ணாடிக்குப் பின்னால், கல்யாணப் படத்துக்கும் பிள்ளையாருக்கும் நடுவே, இணைய ரவுட்டருக்கு 2022இல் வாங்கி வைத்த மினி யுபிஎஸ். நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் வெட்டிய காலத்தில் ஊர் முழுக்க வாங்கினோமே, அதேதான். மெயினை நிறுத்தினாலும் அது தன் பற்றரியில் வெட்டிக்கொண்டேதான் இருக்கும். பொத்தானை அமத்தினேன். திருச்சி கேட்டது.

ஆகவே முறை இது: முதலில் மினி யுபிஎஸ், யுபிஎஸ், அவசர விளக்கு என்று பற்றரி உள்ள எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகு மெயின். இரைச்சல் போய்விட்டால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். போகாவிட்டால் மட்டும் வேலிக்கு அங்கால் பாருங்கள். ரேடியோவைக் கிடையாகத் திருப்பியும் பாருங்கள். உள்ளே நீளவாட்டில் ஒரு கறுப்புக் கம்பி அன்ரனா இருக்கிறது. அதன் நுனி இரைச்சல் வரும் திசையை நோக்கும்போது சத்தம் மிகக் குறையும். திசை தெரிந்துவிடும்.

எல்லா எல்இடி பல்ப்பும் இரையுமா?

இல்லை. இரண்டு பல்ப்பைப் பிரித்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் மின் நுழையும் இடத்தில் சின்னச் சுருள் ஒன்று, மஞ்சள் நிற டப்பா மாதிரி ஒரு கப்பாசிற்றர் (மின்தேக்கி), பிறகுதான் வெட்டும் பகுதி. மற்றதில் சுருள் வரவேண்டிய இடத்தில் பலகையில் "எல்1" என்று அச்சடித்து வெறுமையாக விட்டு, இரண்டு துளைக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பியை ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். கப்பாசிற்றருக்கான இடம் காலி. வடிவமைத்தவருக்கு வடிகட்டி வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, விலை குறைக்க நினைத்தவர் கழற்றிவிட்டார். இரண்டும் ஒரே வெளிச்சம்தான் தரும். வித்தியாசத்தை ரேடியோதான் சொல்லும்.

வடிகட்டி எவ்வளவு வடிகட்ட வேண்டும் என்று யார் சொல்வது?

சிஸ்பர் என்ற பன்னாட்டுக் குழு. 1934இலேயே தொடங்கியது, வானொலியைக் காப்பாற்றத்தான். விளக்குக்கு சிஸ்பர் 15, வீட்டுச் சாதனங்களுக்கு சிஸ்பர் 14, சோலர் இன்வேர்ட்டருக்கு சிஸ்பர் 11 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வயர் வழி இரைச்சலை 150 கிலோஹேர்ட்ஸிலிருந்து 30 மெகாஹேர்ட்ஸ் வரையும், காற்று வழி இரைச்சலை அதற்கு மேலும் அளப்பது பொது வழக்கம்.

வீட்டுப் பொருளுக்கான எல்லை மத்திய அலையின் பெரும்பகுதியில் 0.63 மில்லிவோல்ட். 230 வோல்ட் ஓடும் வயரில் ஒரு மில்லிவோல்ட்டும் இருக்கக்கூடாது என்கிறார்கள். துண்டுக் கம்பி ஒட்டிய அந்தப் பல்ப் இதை எப்படித் தாண்டியிருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அண்ணை, இந்த இரைச்சலால் மீற்றர் கூட ஓடுமோ?

இதைக் கேட்காத வீடில்லை. ஆதாரம் ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் மின்னணு மீற்றர்கள் 9ஐ எடுத்துப் பரிசோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஐந்து மீற்றர் மிகக் கூடுதலாகக் காட்டின, அதில் உச்சம் 582 சதவீதம். இரண்டு ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்துக் காட்டின. காரணம் மின்னோட்டத்தை உணரும் உறுப்பு. ரொகோவ்ஸ்கி சுருள் வைத்த மீற்றர்கள் சடாரென்ற மாற்றத்தை மிகைப்படுத்தின, ஹால் உணரி வைத்தவை குறைத்தன.

ஆனால் உடனே மின்சார சபைக்குக் கடிதம் எழுத உட்காராதீர்கள். அங்கே ஓடவிட்டது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோடு சேர்த்த எல்இடி, சிஎஃப்எல் விளக்குகள் நிறைய. அலையைக் கொடூரமாக வெட்டும் சுமை அது. ஃபிரிட்ஜ், விசிறி, தண்ணி மோட்டர் ஓடும் சாதாரண வீட்டில் அந்த அளவு பிழைக்கு வழியில்லை. நான் போய்ப் பார்த்த வீடுகளில் பில் ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் புது ஏசி அல்லது கசியும் தண்ணித் தொட்டி. பழைய வட்டத் தகடு மீற்றருக்கு இந்த நோய் கிடையாது.

மழை நாளில் சோலர் ஓடும்போது ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. ஷோர்ட்டா?

ஷோர்ட்டாக இருக்கலாம், முதலில் அதைப் பார்க்க வேண்டும். கேபிள் உரசியிருக்கிறதா, இணைப்புக்குள் தண்ணி போயிருக்கிறதா, கடற்கரைப் பக்கம் என்றால் உப்பு ஏறியிருக்கிறதா. ஒன்றும் இல்லையென்றால் இதுதான் கதை.

சோலர் தகட்டின் உள்ளிருக்கும் செல்களும் வெளிச் சட்டமும் சேர்ந்து ஒரு கப்பாசிற்றர். கண்ணாடி நனைந்தால் அது இன்னும் பெருக்கும். கிலோவாட்டுக்கு 100 நானோபராட் என்று வைத்தால் 5 கிலோவாட்டுக்கு 500. இப்போது வரும் இன்வேர்ட்டர்களில் உள்ளே ட்ரான்ஸ்ஃபோமர் இல்லை. அவற்றில் சில வகைகளில் நேர்மின் பக்கம் முழுதும் நிலத்தைப் பார்த்து 115 வோல்ட் அளவில் 50 ஹேர்ட்ஸில் ஆடும். கணக்குப் போட்டால் 18 மில்லியம்பியர் நிலத்துக்குக் கசிகிறது. ஒருவருக்கும் ஆபத்தில்லை, ஒன்றும் பழுதில்லை. ஆனால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லியம்பியருடையது, அவ்வளவு கசிந்தால் லைனை வெட்டிவிடும். அது பாதியிலிருந்தே விழலாம். ஃபிரிட்ஜும் வொஷிங் மெஷினும் தங்கள் பங்குக்கு ஒன்றிரண்டு சேர்த்தால் முடிந்தது.

மருந்து: இன்வேர்ட்டரை வீட்டு ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் மாட்டாமல் தனி வழியாக எடுத்து, அதன் கையேடு சொல்லும் வகையிலான ட்ரிப் சுவிட்ச் போடுவது. வீட்டு ட்ரிப் சுவிட்சைக் கழற்றி நேரே கொடுப்பது மருந்தல்ல. அப்படிச் செய்து வைத்திருந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். கழற்றியவர் யார் என்று கேட்டேன், எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

இன்னொரு எர்த் கம்பி அடித்தால் இரைச்சல் போகுமா?

போகாது. எர்த் உயிர் காக்க. அதற்காக நன்றாக அடியுங்கள். நம் நிலத்தில் செம்மண்ணுக்குச் சற்றுக் கீழே சுண்ணாம்புக்கல், கம்பி இறங்காது, கோடையில் மண் காய்ந்து தடை ஏறும். ஆனால் இரைச்சல் விஷயம் வேறு. எந்த வயரும் மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி தூண்டல் கொண்டது, அதாவது வேகமாக மாறும் கரண்டைத் தடுக்கும் குணம். 10 மெகாஹேர்ட்ஸில் அது மீற்றருக்கு 63 ஓம். எர்த் கம்பிக்குப் போகும் வயர் மூன்று மீற்றர் என்றாலே 190 ஓமுக்குக் கிட்ட வருகிறது. கம்பி எவ்வளவு நல்லதாக இருந்தும் இரைச்சலுக்கு அந்தப் பக்கம் கதவு பூட்டியிருக்கிறது. சொல்லப்போனால் அந்த நீள வயரே இன்னொரு அன்ரனா.

லேப்டாப்பைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதே?

சார்ஜருக்குள் இரைச்சலைத் திருப்பி அனுப்ப ஒரு சிறு கப்பாசிற்றர் இருக்கும், இரண்டு முள் சார்ஜர் என்றால் அதன் வழியாக லேப்டாப் உடம்புக்கு ஒரு துளி கரண்ட் வரும். 2.2 நானோபராட் என்றால் அதிகபட்சம் 0.16 மில்லியம்பியர். கூசும், கொல்லாது. மூன்று முள் சார்ஜரும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் கூசவும் செய்யாது. வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று தொட்டால் நன்றாகத் தெரியும். சுள்ளென்பது மாறி அடிக்கத் தொடங்கினால் அது வேறு விஷயம், அந்தச் சார்ஜரை எறிந்துவிடுங்கள்.

ஃபெரைட் மணி வாங்கி மாட்டினால் சரியா?

ஃபெரைட் என்பது வயரில் ஓடும் இரைச்சலைத் தடுக்க மாட்டும் காந்தப் பொருள். எங்கே, எத்தனை சுற்று என்பதைப் பொறுத்தது. கேபிளில் சும்மா கவ்வ வைக்கும் கறுப்பு மணி பத்து, நூறு மெகாஹேர்ட்ஸில் உதவும். மத்திய அலைக்கு ஏறக்குறைய அலங்காரம்தான். தடை, சுற்றின் வர்க்கமாக ஏறும். ஒரே மணிக்குள் கேபிளை ஐந்து தடவை சுற்றினால் இருபத்தைந்து மடங்கு. அதனால் துளை பெரிதான வளையம் வாங்கி, சார்ஜர் வயரைச் சுற்றக்கூடிய அளவுக்குச் சுற்றுங்கள். இரைச்சல் போடும் பெட்டிக்கு அண்டையில் மாட்ட வேண்டும், ரேடியோப் பக்கம் அல்ல. லைனையும் நியூட்ரலையும் சேர்த்துத்தான் உள்ளே விட வேண்டும். ஒன்றை மட்டும் விட்டால் ஃபெரைட் நிறைவுற்றுச் சும்மா கல்லாகிவிடும். சோலர் இன்வேர்ட்டர் கேபிளில் நீங்களே கை வைக்காதீர்கள், அதில் பல நூறு வோல்ட் நேர்மின் நிற்கிறது.

தோட்டத்தில் மோட்டர் வேகத்தை மாற்றும் பெட்டி போட்டிருக்கிறேன். கிணறு தூரம். பிரச்சினை வருமா?

வரும், ரேடியோவுக்கு முதல் மோட்டருக்கே வரும். 400 வோல்ட் மும்முனைப் பெட்டிக்குள் நேர்மின் ஏறத்தாழ 565 வோல்ட். சடாரென்ற படி நீளக் கேபிளில் ஓடி மோட்டரில் முட்டித் திரும்பும்போது, முனையில் இரண்டு மடங்குக்குக் கிட்ட, அதாவது ஆயிரத்துக்கு மேல் வோல்ட் எழும். சுருளின் காப்பு மெல்லமெல்ல நொறுங்கும். பேரிங் வழியாகவும் கரண்ட் பாய்ந்து உள்வளையத்தில் சலவைப்பலகை மாதிரி வரி வரியாகக் கீறும். இன்னும் சூடு பிடிக்காத மோட்டர் கரகரத்தால் இதைச் சந்தேகியுங்கள். பெட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோவது, முடியாவிட்டால் வெளியீட்டில் வடிகட்டி போடுவது, கவசம் போட்ட கேபிளின் கவசத்தை இரண்டு முனையிலும் பிணைப்பது. வெங்காயத்துக்கு இறைப்புத் தொடங்க முதல் செய்யுங்கள், நடுவில் கழற்றினால் பயிர் வாடும்.

படகில் எல்இடி விளக்கு போட்டதும் கடலில் பேசும் விஎச்எஃப் வானொலிச் செற் கேட்கவில்லை என்கிறார்கள். இதுவும் அதுவா?

அதுவேதான், இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். கடலில் அவசரத்துக்குக் கூப்பிடுவது 16ஆவது சானல், 156.8 மெகாஹேர்ட்ஸ். எல்இடி விளக்கின் வெட்டு அதுவரை எட்டினால், தூரத்துக் குரல் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். செற் வேலை செய்வது போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. அமெரிக்கக் கரையோரக் காவற்படை 2018 ஓகஸ்ட்டில் இது பற்றியே எச்சரிக்கை வெளியிட்டது. அதில் சொன்ன சோதனை சுலபம். விளக்கை அணைத்து, ஆள் இல்லாத சானல் ஒன்றில் ஸ்குவெல்ச் திருகை (பின்னணி இரைச்சலை அடக்கும் திருகு) திருப்பி இரைச்சல் கேட்க விடுங்கள். பிறகு இரைச்சல் சரியாக மறையும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். மறுபடி இரைந்தால் விளக்குதான். மயிலிட்டியிலோ பருத்தித்துறையிலோ இறங்குதுறையில் கட்டியிருக்கும்போதே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் இரைவது?

அது பெரும்பாலும் அலங்கார விளக்கின் டிம்மர். விளக்கு மங்கும்போது இரைச்சல் கூடுகிறதா பாருங்கள். மைக் வயரை விளக்கு வயரோடு சேர்த்து ஒரே கம்பத்தில் கட்டுவதை நிறுத்துங்கள், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்கே செங்குத்தாகக் கடக்கட்டும். ஒலிக்கு ஒரு ஃபேஸ், விளக்குக்கு வேறு ஃபேஸ் எடுங்கள். நல்லூரில் இருபத்தைந்து நாளும் தவில் கேட்கிற காதுக்கு இந்த உதவியையாவது செய்யலாம்.

வீட்டை விடுங்கள். ஊர் லைனுக்கே இதனால் கேடு உண்டா?

உண்டு, ஆனால் வேறு அலைகளில். 50 ஹேர்ட்ஸின் மடங்குகள் 2 கிலோஹேர்ட்ஸ் வரை ஒரு வகை. கடைத்தெருவில் மூன்று ஃபேஸிலும் எல்இடியும் கணினியும் நிரம்பினால், மூன்றாம் மடங்கு அலைகள் நியூட்ரலில் ஒன்றை ஒன்று அழிக்காமல் கூடும். நியூட்ரல் வயர் ஃபேஸைவிடச் சூடாகும். மெல்லிய நியூட்ரல் போட்ட பழைய கட்டடங்களில் இதைத் தொட்டே பார்த்திருக்கிறேன், அதாவது காப்பின் மேலே.

2இலிருந்து 150 கிலோஹேர்ட்ஸ் வரை இன்னொரு வகை. சுப்ராஹார்மோனிக் என்கிறார்கள். இன்வேர்ட்டர்களும் வாகனச் சார்ஜர்களும் வெட்டுவது இங்கேதான். பல நாடுகளில் ஸ்மார்ட் மீற்றர் வயர் வழியாகவே செய்தி அனுப்புவதும் இதே தெருவில்தான். அந்தச் செய்திகளுக்கு ஒதுக்கிய ஐரோப்பிய அலைவரிசை 95 கிலோஹேர்ட்ஸில் முடிகிறது. ஒரு வீட்டின் இன்வேர்ட்டர் விடும் இந்த அலை தூரம் போவதில்லை. பக்கத்து வீட்டுச் சாதனத்தின் வடிகட்டிக் கப்பாசிற்றர் அதைக் குடித்துவிடும். குடித்தது சூடாகி ஆயுள் குறையும். நல்ல வடிகட்டி வைத்தவன் ஊர் அழுக்கையும் சேர்த்துச் சுமக்கிறான்.

லைன் பலமாக இருந்தால் இவையெல்லாம் கரைந்துவிடும். பலமில்லாத இடத்தில் ஒரே அளவு அழுக்கு பெரிய அலையாகத் தெரியும். யாழ்ப்பாணம் தேசிய மின்வலையின் வால். எழுவைதீவு மாதிரித் தனியே காற்று, சூரியன், பற்றரி, டீசல் கலந்து ஓடும் தீவு என்றால் இன்னும் நெருக்கம். மன்னாரில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். பெரிய நிலையங்களில் வடிகட்டிகளைக் கணக்குப் போட்டு வைப்பார்கள். கணக்கில் வராதவை கூரைகளும் வீட்டுச் சார்ஜர்களும்.

2025 பெப்ரவரியில் நாடே இருண்டது இந்த இரைச்சலாலா?

இல்லை. பெப்ரவரி 9, ஞாயிறு, பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு ஒன்று மின்சாரத்தில் பட்டதில் தொடங்கியது. ஞாயிறு முற்பகலில் பாவனை குறைவு, சோலர் கூடுதல், சுற்றும் இயந்திரங்கள் குறைவு. அதனால் ஒரு தடுமாற்றத்தைத் தாங்கும் உந்தம் வலையில் இருக்கவில்லை. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு நாட்களில் கூரை சோலரைப் பகல் 3 மணி வரை நிறுத்தச் சொல்லிக் கேட்டதும் இதற்காகத்தான். இன்வேர்ட்டரின் இன்னொரு குணம் அது, இரைச்சல் அல்ல.

உடம்புக்குக் கேடா?

ரேடியோவைக் கெடுக்கப் போதுமான அளவு, உடம்பைத் தொட முடியாத அளவு. 0.63 மில்லிவோல்ட் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு விதிவிலக்கு: நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எரியும் இண்டக்ஷன் அடுப்புக்கு 60 சென்ரிமீற்றருக்குள் நெஞ்சைக் கொண்டுபோக வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. மருத்துவரையும் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு இன்வேர்ட்டர்தான் என்று உறுதியாகிவிட்டது. யாரிடம் சொல்வது?

முதலில் அவரிடம். அவருக்கே தெரியாது, அவர் வீட்டில் ரேடியோ இல்லை. பூட்டியவரைக் கூப்பிட்டுக் கேபிளை ஒன்றாகக் கட்டி, இரண்டு பக்கமும் வளையம் போடச் சொன்னால் பெரும்பாலும் முடிந்துவிடும். முடியாவிட்டால் அலைவரிசைகளுக்குப் பொறுப்பு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். மின்சார சபையிடம் போனால் வோல்ட் அளந்து "சரியாத்தான் இருக்கு" என்பார்கள். அவர்கள் அளவில் சரிதான்.

என்னிடம் வருவதானால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு அடங்குகிறது, எந்த அலைவரிசையில், மெயினை நிறுத்தினால் என்ன ஆகிறது என்று ஒரு துண்டில் எழுதி வாருங்கள். ரேடியோவையும் கொண்டு வாருங்கள், புதுப் பற்றரி போட்டு.